மின்கம்பி எட்டாத மலைக்கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் மின்சாரம்: முழுமையான வழிகாட்டி

10 முதல் 40 வீடுகள் வரை உள்ள, மின்கம்பி இன்னும் வந்து சேராத மலைக்கிராமங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊராட்சி உறுப்பினர், தொண்டு நிறுவனப் பணியாளர், கல்லூரி மாணவர் குழு, நிதி திரட்டித் தரும் நண்பர்கள் என்று யார் இந்த வேலையில் இறங்கினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். சோலார் கடைக்குப் போன் செய்து விலைப்பட்டியல் கேட்கிறார்கள். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். அதற்கேற்ப ஊரின் தேவையை வளைக்க வேண்டியதாகிவிடும். இரண்டாவது மழைக்காலத்தில் பேட்டரி படுத்துவிடும்.

செலவு குறைவதும் கூடுவதும் பேனல் விலையால் அல்ல, வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதால். கீழே உள்ள வரிசையில் பொருள் வாங்குவது எட்டாவது வேலை. அதற்கு முந்தைய ஏழில் எதைத் தாண்டிக் குதித்தாலும் அந்தச் செலவு பின்னால் வந்து நிற்கும்.

தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. டிசி மின்னோட்டத்தையும் (பேனலும் பேட்டரியும் தரும் வகை) அளக்கும் மல்டிமீட்டர், 50 மீட்டர் நாடா, திசைகாட்டி உள்ள போன், ஒரு வாளி, ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு, ஊரில் எல்லா வீட்டுக்கும் போய்வரக்கூடிய ஒருவர் உடன் வர வேண்டும். அவர் இல்லாமல் எடுக்கும் கணக்கெடுப்பு உங்களை மகிழ்விக்கச் சொன்ன பதில்களால் நிரம்பியிருக்கும்.

1. கம்பி வருமா, வராதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்

‘அடுத்த வருடம் கரண்ட் வந்துவிடும் என்றார்கள்’ என்று ஊரில் சொல்வார்கள். எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் தேர்தல் நேரத்தில் என்று பதில் வரும். இதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். அருகில் உள்ள மின்மாற்றியோ 11 கிலோவோல்ட் கம்பியோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்த ஊருக்கு மதிப்பீடு போடப்பட்டிருக்கிறதா? போட்டிருந்தால், தடையாக இருப்பது பணமா, காடா? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே கேள்விகளை அனுப்புங்கள்.

இது ஏன் முதல் வேலை? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மலைக்கிராமத்து வீடு அந்த அளவைத் தாண்டுவதே அரிது. ஆகவே கம்பி வந்த அன்றே, மாதக் கட்டணம் கேட்கும் எந்த ஊர் மின்நிலையமும் படுத்துவிடும். பீகாரில் தர்னை என்ற ஊரில் 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள். பின்னாலேயே அரசின் கம்பி வந்தது, மக்கள் அதற்கு மாறினார்கள், நிலையம் பயனற்றுப் போனது. இலங்கையின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஊர்ச் சங்கங்களே நடத்திய சிறு நீர்மின் நிலையங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். அவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை என்பதையும் கவனியுங்கள்.

காடுதான் தடை என்று பதில் வந்தால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு நிர்வகிக்கும் 13 வகை ஊர் வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. மின்கம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75க்கு மிகாத மரங்கள், கிராமசபையின் பரிந்துரை ஆகியவை நிபந்தனைகள். இந்தப் பிரிவைச் சொல்லித் தீர்மானம் போடாத கிராமசபைகளே அதிகம். பொதுவாக ‘மின்வசதி வேண்டும்’ என்று எழுதிய தீர்மானம் கோப்பில் தூங்கும். பிரிவு எண், நிலத்தின் அளவு, வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கும் தீர்மானத்துக்கு யாராவது ஒரு பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் கணிப்பு இது: வீடுகள் 20க்கு மேல், கம்பி 2 கிலோமீட்டருக்குள், நடுவில் காப்புக்காடு இல்லை என்றால் உங்கள் உழைப்பைக் கம்பிக்காகவே செலவிடுங்கள். அதுவரை வீட்டுக்கு ஒரு சோலார் விளக்கு போதும். மற்ற ஊர்களுக்குத்தான் கீழே உள்ள படிகள்.

அரசுத் திட்டங்களையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். 2017இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் கம்பி எட்டாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், பேட்டரி, 5 எல்இடி விளக்கு, ஒரு டிசி மின்விசிறி கொண்ட தொகுப்பு வகுக்கப்பட்டிருந்தது. 2023இல் வந்த பிஎம் ஜன்மன் திட்டத்தில், மிகவும் நலிந்த பழங்குடிகளின் வீடுகளுக்குத் தனிச் சோலார் அமைப்புக்கு 50,000 ரூபாய் வரை இடமிருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினர். திட்டம் இப்போதும் நடப்பில் இருந்து உங்கள் ஊர் அதில் வருமானால் நன்கொடைப் பணத்தைப் பேனலுக்குச் செலவிடாமல் பராமரிப்பு நிதியாக மாற்றிவிடலாம்.

2. இருட்டுக்கு இப்போது எவ்வளவு செலவாகிறது?

மெழுகுவத்தி, டார்ச் பேட்டரி, கிடைத்தால் மண்ணெண்ணெய், போன் சார்ஜ் செய்யக் கீழே கடையில் கொடுக்கும் காசு, அதற்காக இறங்கி ஏறும் ஜீப் கட்டணம். வீட்டுக்கு வீடு கேட்டு மாதச் செலவை எழுதுங்கள். பிற்பாடு எவ்வளவு வசூலிக்க முடியும் என்பதற்கு இதுதான் உச்சவரம்பு. ‘மாதம் எவ்வளவு தர முடியும்’ என்று நேராகக் கேட்காதீர்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தொகை அது.

இதே சுற்றில் கூரையையும் பாருங்கள். பழைய திட்டங்களில் வந்து செத்துப்போன சோலார் அமைப்புகள் பல வீடுகளில் இருக்கும். பெரும்பாலும் செத்திருப்பது பேட்டரிதான். பேனல் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியது. நல்ல வெயிலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வகைப் பேனல் எதுவும் இணைக்காத நிலையில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டி, மின்னோட்டமும் பின்புறச் சீட்டில் உள்ள அளவுக்கு அருகில் இருந்தால் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த பேனல்.

3. தேவையைக் குறைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘ஒரு வீட்டுக்கு ஒரு கிலோவாட் போடலாமா?’ என்பார்கள். கிலோவாட்டில் தொடங்கக் கூடாது. எந்தக் கருவி, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று தொடங்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே 5 வாட் எல்இடி விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 75 வாட்மணி (வாட்டை மணியால் பெருக்கியது, ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட்). வாசலில் 3 வாட் விளக்கு இரவு முழுக்க, 11 மணி நேரம்: 33. இரண்டு போன்: 30. குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பிஎல்டிசி வகை டிசி மின்விசிறி 15 வாட், 8 மணி நேரம்: 120. டிசியில் ஓடும் சிறிய டிவி 25 வாட், 3 மணி நேரம்: 75. ஆக மொத்தம் 333 வாட்மணி, அதாவது நாளுக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இதே வீட்டில் வழக்கமான 75 வாட் சீலிங் ஃபேன் மாட்டினால் அந்த ஒன்றே 600 வாட்மணி தின்றுவிடும். சிக்கனமான விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பேட்டரியில் பல ஆயிரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆகவே விளக்கும் விசிறியும் எவை என்று முடிவான பிறகுதான் பேனலைப் பற்றிப் பேச வேண்டும். ‘அவர்கள் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும்’ என்று விட்டால் உங்கள் கணக்கு அன்றைக்கே செத்தது. உயரமான மலைகளில் விசிறியே தேவைப்படாது. அங்கே அந்த 120 வாட்மணியை அடித்துவிடுங்கள்.

வாசல் விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள். யானையும் கரடியும் நடமாடும் ஊர்களில் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான். படிப்பு விளக்கைப் பற்றி நன்கொடையாளருக்கு எழுதும் கடிதத்தில் வாசல் விளக்கு பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அது இல்லாவிட்டால் உள்விளக்கைக் கழற்றி வாசலில் மாட்டிவிடுவார்கள்.

குடிநீர் மோட்டார், சிறுதானியம் அரைக்கும் இயந்திரம் இரண்டையும் வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மோட்டாரைப் பேட்டரி இல்லாமல் பேனலில் நேரடியாக ஓட்டித் தொட்டியை நிரப்புங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு. அரவையை நண்பகலுக்கு வைத்துக்கொண்டால் அதற்கும் பேட்டரி மிகக் குறைவாகவே தேவைப்படும்.

4. ஓடை இருந்தால் சூரியனுக்கு முன் அதைப் பாருங்கள்

ஆண்டு முழுக்க ஓடும் நீரும் நல்ல சரிவும் இருந்தால், அதைவிட மலிவான மின்சாரம் மலையில் கிடையாது. இரவிலும் ஓடும், பேட்டரி கிட்டத்தட்ட வேண்டியதில்லை.

கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம் இரண்டையும் பெருக்கி 9.81ஆல் மீண்டும் பெருக்குங்கள். சிறிய இயந்திரங்களுக்கு அதில் பாதிதான் கைக்கு வரும். நொடிக்கு 5 லிட்டர், 20 மீட்டர் இறக்கம் என்றால் 981 வாட், பாதி 490 வாட். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 11 யூனிட்டுக்கு மேல். மேலே கணக்கிட்ட வீடுகள் 20க்கு 6.7 யூனிட் போதும். அந்த 6.7 யூனிட்டை மழைக்கால வெயிலில் எடுக்க வேண்டுமென்றால் 3 கிலோவாட்டுக்கு மேல் பேனலும் ஒரு பேட்டரி அறையும் வேண்டும்.

நீரை அளக்க, ஓடையின் குறுக்கே மண்ணும் பலகையும் வைத்துத் தடுத்து, ஒரு குழாய் வழியே முழு நீரையும் வாளிக்குள் விடுங்கள். 15 லிட்டர் வாளி 3 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர். இறக்கத்தை அளக்கக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும். போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், குறைந்த இறக்கத்தில் அதன் பிழையே பாதியைத் தின்றுவிடும்.

அளவெடுக்க வேண்டிய காலம் கோடையின் உச்சம். அருவி கொட்டும் நவம்பரில் அளந்து இயந்திரம் வாங்குவது இந்தத் துறையின் தீராத வியாதி. கோடையில் நீர் வற்றும் என்றால், ஓடையை எட்டு மாத மின்சாரம் என்று வைத்துக்கொண்டு மற்ற மாதங்களுக்குச் சிறிய சோலார் சேர்க்கலாம். எவ்வளவு நீரைத் திருப்பலாம் என்பதில் கீழே அதே நீரில் பாசனம் செய்பவர்களின் சம்மதத்தையும் வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள். வடிகட்டியில் இலை அடைப்பதை யார் தினம் போய் எடுப்பார் என்பதையும் இப்போதே பேசுங்கள். அதற்கு ஆள் இல்லாத ஊரில் நீர்மின்சாரம் வேண்டாம்.

காற்றாலை பற்றிக் கேட்பார்கள். மரங்களும் மடிப்புகளும் உள்ள இடத்தில் சின்னக் காற்றாலை பெரும்பாலும் ஏமாற்றமே. டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 2 அல்லது 3 யூனிட் தரும். லிட்டர் விலையோடு தலைச்சுமைக் கூலியையும் சேர்த்தால் விடை தெரிந்துவிடும்.

5. ஊருக்கு ஒரே நிலையமா, வீட்டுக்கு ஒன்றா?

நன்கொடையாளர்களுக்கு ஒரே நிலையம் பிடிக்கும், புகைப்படம் நன்றாக வரும். ஆனால் முடிவு செய்ய வேண்டியது கம்பியின் நீளமும் மின்னழுத்தமும்தான்.

12 வோல்ட்டில் 100 வாட் என்றால் 8.3 ஆம்பியர். அதை 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 20 மீட்டர் கொண்டுபோனால், போகும் கம்பியும் வரும் கம்பியுமாகச் சேர்ந்து 2.3 வோல்ட்டைத் தின்றுவிடும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே வீண். அதே 100 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. ஆகவே 12 வோல்ட் ஒரு வீட்டுக்குள் மட்டும். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலே 48 வோல்ட். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கி ராஜஸ்தான் பாலைவனத்தின் ஒதுக்குப்புற வீடுகளில் பொருத்தப்பட்ட அமைப்பும் 48 வோல்ட் டிசிதான். டிசியை ஏசியாக்கி (மின்வாரியக் கம்பியில் வரும் வகை) மறுபடி டிசியாக்கும் இழப்பு அதில் மிச்சம்.

48 வோல்ட்டுக்கும் எல்லை உண்டு. ஐந்து வீடுகள் சேர்ந்து 300 வாட் எடுத்து 40 மீட்டர் தூரம் என்றால் 6 சதுர மி.மீ. கம்பி போதும். 20 வீடுகள் 2,000 வாட் எடுத்து 100 மீட்டர் தூரம் என்றால் 100 சதுர மி.மீ. தடிமன் கேட்கும். அதை யாரும் வாங்க முடியாது. அங்கே 230 வோல்ட் ஏசிக்குத்தான் போக வேண்டும்.

ஏசிக்குப் போனால் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டர் வருகிறது. யாரும் எதையும் போடாத நேரத்திலும் அது சும்மா இருக்க 40 வாட் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் 960 வாட்மணி. மூன்று வீடுகள் பயன்படுத்தும் மின்சாரம் அது. இதை எந்த விலைப்பட்டியலும் முன்னால் வைக்காது. ‘சுமை இல்லாதபோது எத்தனை வாட் எடுக்கும்’ என்று கேட்டு, கருவியோடு வரும் தாளில் சரிபாருங்கள்.

நடைமுறையில் என் பரிந்துரை: வீடுகள் சிதறியிருந்தால் வீட்டுக்கு ஒன்று. நான்கைந்து வீடுகள் நெருங்கிய கொத்துகளாக இருந்தால் கொத்துக்கு ஒரு 48 வோல்ட் அமைப்பு. எல்லா வீடுகளும் ஒரே வரிசையில் நெருக்கமாக இருந்து, அரவை போன்ற பொதுவேலையும் இருந்தால் மட்டும் ஊருக்கு ஒரே ஏசி நிலையம். ஒரே நிலையத்தில் யாராவது ஒருவர் ரைஸ் குக்கர் மாட்டினால் ஊரே இருளும். வீட்டுக்கு வீடு என்றால் அவர் வீடு மட்டும்தான் இருளும். சண்டைகள் பாதியாகக் குறைய இது ஒன்றே போதும்.

ஊர்நிலையம்தான் என்று முடிவானால் உரிமம் பற்றிப் பயமுறுத்துவார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மாநில அரசு அறிவிக்கை செய்த ஊரகப் பகுதியில் மின்சாரம் உற்பத்தி செய்து வழங்குபவருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது. பாதுகாப்பு விதிகளிலிருந்து அதற்காக விலக்கு கிடையாது. 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் மட்டும் கொடுங்கள்.

6. பேனல், பேட்டரி அளவு

மோசமான மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் நாளுக்கு 5 மணி நேர முழுவெயில் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மேகம் மூடும் மலையில் மழை மாதங்களுக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி, தூசி, வெப்பம், பேட்டரி இழப்புகளுக்கு 30 சதவீதம் கழியும்.

நம் வீட்டுக்கு 333ஐ 0.7ஆல் வகுத்தால் 476. அதை 3ஆல் வகுத்தால் 159. ஆக 160 முதல் 200 வாட் பேனல். 5 மணி நேரம் என்று கணக்கிட்டிருந்தால் 100 வாட்டே போதும் என்று வந்திருக்கும். மழையில் விளக்கு அணையும் ஊர்களில் நடந்தது இதுதான்.

பேட்டரிக்கு இரண்டு நாள் சேமிப்பு: 666 வாட்மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால் 833 வாட்மணி, அதாவது 12.8 வோல்ட்டில் 65 ஆம்பியர்மணி. ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் 12 வோல்ட்டில் 111 ஆம்பியர்மணி.

லித்தியத்துக்கு முதலில் கூடுதல் பணம். ஆனால் ஈய அமிலத்துக்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், அந்த நீரும் கீழிருந்து ஏற வேண்டும். பேட்டரியே 30 கிலோவைத் தாண்டும், அதையும் யாரோ சுமக்க வேண்டும். பாதை இல்லாத ஊருக்கு லித்தியம்தான் என் தேர்வு. ஜீப் வரும் ஊரில், மேற்பார்வைக்கு ஆள் இருந்தால் ஈய அமிலம் இன்னும் செல்லும். உறைபனி விழும் உயரத்தில் லித்தியம் பேட்டரியை வெளியே வைக்காதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும்.

பணம் குறைந்தால் பேட்டரியைக் குறைக்காதீர்கள். டிவியைப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

7. பணப்பேச்சு பொருளுக்கு முன்

அமைப்பு ஊருக்கு வந்த பிறகு வசூலைப் பற்றிப் பேசினால் யாரும் தர மாட்டார்கள். ஏற்கெனவே எரியும் விளக்குக்கு எதற்குக் காசு என்ற கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் பேசி, எழுதி, முதல் தவணை வங்கிக் கணக்கில் விழுந்த பிறகுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

என்ன தொகை? அடுத்த பேட்டரியின் விலையை அதன் ஆயுள் மாதங்களால் வகுங்கள். பேட்டரி 14,400 ரூபாய், 6 ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் 200. இந்தத் தொகை இரண்டாம் படியில் எழுதிய மாதச் செலவைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப்போய்க் கருவிகளைக் குறைக்க வேண்டும். நன்கொடையால் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நன்கொடை ஒரு முறை வரும், பேட்டரி மறுபடி மறுபடி சாகும்.

மாதச் சம்பளக்காரர்களின் நினைப்பில் மாத வசூல் வைப்பது இன்னொரு தவறு. காபி பழம் பறிப்பு, தேன், கடுக்காய், சீமார்ப்புல் என்று கையில் காசு புரளும் பருவங்கள் ஊருக்கு ஊர் வேறு. அந்தப் பருவத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ள வழி வையுங்கள். கூலிவேலைக்குப் போகும் வீடு வாரம் 50 ரூபாயாகத் தரட்டும். கர்நாடகத்தில் 1995இல் தொடங்கிய செல்கோ நிறுவனம் ஊரக வங்கிகள் வழியே கடன் ஏற்பாடு செய்து சோலார் விற்றது. அங்கேயும் தவணையை வாங்குபவரின் வருமானப் போக்குக்கு ஏற்ப அமைத்ததுதான் அடிப்படை.

கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும், ஒருவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவராக. பணம் தராத வீட்டை என்ன செய்வது என்பதையும் இதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். விதவை வீடு, முதியவர் தனியாக இருக்கும் வீடு ஆகியவற்றுக்கு விலக்கு என்றால் அதையும் இப்போதே எழுதுங்கள். பின்னால் எழுதினால் அது சலுகையாகத் தெரியும்.

8. வாங்குதல்

இப்போது கடைக்குப் போகலாம். உங்கள் பட்டியலைக் கொடுத்து மூன்று இடத்தில் விலை கேளுங்கள். அவர்கள் பட்டியலை வாங்காதீர்கள். பேட்டரியின் உத்தரவாதத்தில் ‘பழுதானால் ஊருக்கு வந்து மாற்றுவோம்’ என்று இருக்கிறதா, ‘கடைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று இருக்கிறதா என்பதைப் படியுங்கள். மலைக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். எல்லா வீட்டுக்கும் ஒரே மாடல் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஒரே வகை விளக்கு. பத்து வீட்டுக்கு ஒரு உபரி கன்ட்ரோலர், வீட்டுக்கு ஒரு உபரி விளக்கு, கைநிறைய ஃபியூஸ். இவற்றை முதல் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.

9. பொருத்துதல்

பேனல் தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி சாய்வில். இதைவிடப் படுக்கையாக வைத்தால் மழை தூசியைக் கழுவாது. பிற்பகலில் தினமும் மூடுபனி ஏறும் சரிவுகளில் சற்றுக் கிழக்காகத் திருப்புங்கள், அங்கே காலை வெயில்தான் உறுதியானது. நிழலை டிசம்பர் மாதத்து வெயிலை நினைத்துப் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். மே மாதம் தெளிவாக இருந்த இடத்தில் தெற்கு முகட்டின் நிழலோ சில்வர் ஓக் மரத்தின் நிழலோ விழும். ஒரு கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் இழப்பு அந்த மூலையோடு நிற்காது.

புல் வேய்ந்த கூரையில் பேனலை ஏற்ற வேண்டாம். இரும்புக் குழாய் நட்டு அதில் பொருத்துங்கள். குழாயைப் பலாமரத்தருகிலும் யானைத்தடத்திலும் நடாதீர்கள். தடம் எது என்று ஊர்ப் பெரியவரைக் கேட்டால் கைகாட்டுவார். குரங்கு இழுக்காதபடி கம்பி முழுவதும் குழாய்க்குள் போகட்டும்.

இணைக்கும் வரிசை: முதலில் கன்ட்ரோலரில் பேட்டரி, அடுத்துப் பேனல், கடைசியில் விளக்குகள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அறிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலின் மின்னழுத்தம் நேராக ஏறினால் உள்ளே எரிந்துவிடலாம்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பி உரசினால் தீயைத் தடுக்க எதுவும் இல்லை, அது ஓலைக் குடிசை. பாதுகாப்பு சுவிட்சுகள் டிசிக்கென்றே செய்தவையாக இருக்கட்டும். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும், டிசியில் அப்படி அணையாது. எலக்ட்ரீஷியன் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார். ஒன்றல்ல. இடி விழும் முகடுகளில் பேனல் சட்டத்துக்குத் தரையிணைப்பும், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் கட்டாயம்.

டிசி பிளக்கும் 230 வோல்ட் பிளக்கும் ஒன்றில் ஒன்று பொருந்தவே கூடாது. வெளியூர் உறவினர் வந்து கையில் கொண்டுவந்ததைச் செருகுவார்.

10. ஒப்படைத்தல்

இரண்டு பேருக்குப் பயிற்சி. ஒருவர் பகலிலும் ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண்தான். துடிப்பான இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த ஆண்டு அவன் திருப்பூரில் வேலையில் இருப்பான். மல்டிமீட்டரால் பேட்டரி அளப்பது, ஃபியூஸ் மாற்றுவது, பேனல் துடைப்பது, கன்ட்ரோலரின் விளக்குகள் சொல்வதைப் படிப்பது, இந்த நான்கு போதும். நீங்கள் செய்துகாட்டினால் மறந்துவிடும். வேண்டுமென்றே ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய முதல் கோளாறு இது: மழை நாளில் பேட்டரி இறங்கி, கன்ட்ரோலர் விளக்கை அணைக்கும். யாராவது கன்ட்ரோலரைத் தாண்டி விளக்கை நேராகப் பேட்டரியில் கட்டுவார்கள். விளக்கு எரியும், அவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார், சில மாதத்தில் பேட்டரி சாகும். திட்டிப் பயனில்லை, இருட்டில் குழந்தையோடு இருப்பவர் வேறு என்ன செய்வார்? வீட்டுக்கு ஒரு சின்னக் கைச்சோலார் விளக்கைத் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் கன்ட்ரோலரைத் தாண்டிக் கட்டும் அவசியம் வராது. பேட்டரி பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவியைப் பயிற்சி பெற்றவரிடம் வையுங்கள்.

முதல் மழைக்காலம் முழுக்க, எந்த வீட்டில் எந்த நாள் அணைந்தது என்று நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே வீடு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நிழலோ மறைந்த கருவியோ இருக்கிறது. எல்லா வீடுகளும் ஒரே நாளில் வந்தால் ஆறாம் படியில் எடுத்த 3 மணி நேரம் உங்கள் மலைக்கு அதிகம்.

11. பிற்பாடு கம்பி வந்துவிட்டால்

ஏழாம் படியின் ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு பத்தி எழுதிவையுங்கள். வீட்டு அமைப்பு அந்தந்த வீட்டுக்கே சொந்தம், மின்தடை நேரத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். மலைக்கம்பியில் மரம் விழுந்தால் சரிசெய்ய நாட்கள் ஆகும் என்பதால் அது வீணாகாது. கொத்து அமைப்பு என்றால் பேனலைக் குடிநீர் மோட்டாருக்கோ அங்கன்வாடிக்கோ மாற்றுங்கள். நிதியில் மிச்சமுள்ள பணம் கட்டிய விகிதத்தில் வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். செத்த பேட்டரிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பும், அதற்கான ஜீப் வாடகையும் யாருடையது என்று அதே பத்தியில் பெயரோடு எழுதுங்கள்.